இரண்டாம் யாகூப் யாருக்குப் பேரன்?

தாமரைச்செல்வி வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பாள். கேஸை மூடினோமா, மோட்டாரை நிறுத்தினோமா, வகுப்பில் வருகைப்பதிவு எடுத்தோமா என்று ஒரு நாளைக்கு நாற்பது கவலை. "இவ கவலப்படலன்னா சூரியன் உதிக்காதுன்னு நெனப்பு" என்பான் அவள் அண்ணன் செம்பியன். வாய்தான் அப்படி. அவன் வீட்டு ரேஷன் கார்டு, மனைப் பத்திரம், பிள்ளையின் மார்க் ஷீட் எல்லாம் அவள் பீரோவில்தான் இருந்தன. கவலைப்படுகிறவளிடம் இருந்தால் தொலையாது என்பது அவனுக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவள்தான் ஆறு வருடம் உழைத்து எழுதிய ஆய்வேட்டில் ஒரே ஒரு கோட்டைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டாள். வாய்மொழித் தேர்வுக்கு நான்கே நாள் இருக்கும்போது அது அவள் கண்ணில் பட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்கால் பக்கம், கோட்டுச்சேரிக்கு மேற்கே வயலுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர் அவளுடையது. அப்பா மருதையன் மடை திறக்கவும் வரப்பு வெட்டவும் போனவர். அம்மா குஞ்சம்மா நடவுக்குப் போனவள். தாமரைச்செல்வி ஆறாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்ததற்குப் பெரிய காரணம் எதையும் தேட வேண்டாம். அந்த வகுப்பில் மொத்தம் பதினொரு பிள்ளைகள், எல்லோருக்கும் உட்கார பெஞ்சு இருந்தது, அவ்வளவுதான். காரைக்காலில் பிரெஞ்சு படித்தவர்கள் பாரிசுக்குப் போவார்கள். இவள் துருக்கிக்குப் போனாள், அதுவும் காகிதத்திலேயே.

வழி காட்டியவர் பேராசிரியர் சுவாமிநாதன். சின்னச் சின்ன பழைய துருக்கி அரசுகளைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதப்பட்ட கட்டுரைகளின் நகல்கள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. படித்துச் சொல்ல ஆளில்லாமல் அதில் பல்லி குடியிருந்தது. பிரெஞ்சு தெரிந்த சரித்திர மாணவி ஒருத்தி கிடைத்ததும் மனிதர் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்துதான் ஜெர்மியான் வந்தது. துருக்கியின் மேற்குப் பக்கத்தில், கூத்தாஹ்யா என்ற ஊரைத் தலைநகராக வைத்துக்கொண்டு, ஒரு நூற்று முப்பது வருடம் இருந்துவிட்டுப் போன குட்டி அரசு அது. தாமரைச்செல்வி எழுதியது அதன் நான்கு அரசர்களைப் பற்றி. முதலாம் யாகூப், மெஹ்மத், சுலைமான் ஷா, இரண்டாம் யாகூப். நம் பக்கத்தில் நான்கு மிராசுதார்களைச் சேர்த்தால் அந்த அளவு ராஜ்ஜியம் வரும் என்று அவளே சிரிப்பாள். ஆனாலும் அவர்கள் மேல் அவளுக்குத் தனிப் பாசம் விழுந்துவிட்டது. பக்கத்தில் வளர்ந்துவந்த உஸ்மானியர்களை எதிர்த்து நிற்காமல், சுலைமான் ஷா தன் மகளை அவர்கள் இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்து, தலைநகரையே சீராக எழுதிக்கொடுத்தார். இதைக் கேட்டபோது குஞ்சம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, "பொண்ணுக்குப் பாத்திரம் பண்டம் குடுப்பாங்க, ஊரையேவா குடுத்தாரு?" என்று கேட்டாள். கடைசி அரசரான இரண்டாம் யாகூப் நாட்டைப் பறிகொடுத்து, சிறையில் கிடந்து, தப்பி ஓடி, பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து ஆண்டார். ஆண் வாரிசு இல்லை. போகும்போது நாட்டை உஸ்மானியர்களுக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த இடத்தைத் தட்டச்சு செய்தபோது தாமரைச்செல்வி அழுதாள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், நான் சொன்னது அவளுக்குத் தெரியவேண்டாம்.

இனி அந்தக் கோடு. பிரெஞ்சுக் கட்டுரையில் நான்கு பெயர்களும் ஆண்டுகளும் மட்டும் இருந்தன. யார் யாருக்கு மகன் என்று இல்லை. கடைசி யாகூப் சுலைமானின் மகன் என்பது வேறொரு குறிப்பில் கிடைத்தது. மற்ற உறவுகளை இவளே கோடு போட்டு இணைத்தாள். அவர்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். செம்பியனின் மகன் பெயர் மருதையன். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பதால் அவனுடைய அம்மா அவனை "பெரியவன்" என்பாள். புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள் என்பதால் குஞ்சம்மாவும் "பெரியவன்" என்பாள். குஞ்சம்மா இதிலெல்லாம் படு கண்டிப்பு. தன் மாமனார் போய் முப்பது வருடம் ஆகியும், சுவரில் தொங்கும் அவர் படத்துக்கு எதிரே நிற்கும்போது முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டுதான் நிற்பாள்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள் பட்டியலின் மேலே ஒரு யாகூபையும் கீழே ஒரு யாகூபையும் பார்த்தால் என்ன நினைப்பாள்? கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் பேரன். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே ஒரு தலைமுறைதான் இருக்க முடியும். நடுவில் இருப்பதோ இரண்டு பேர். அப்படியானால் மெஹ்மத்தும் சுலைமானும் அண்ணன் தம்பி. கை தன்பாட்டுக்குக் கோட்டைப் போட்டுவிட்டது. சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் மூன்று முறை இழுத்துப் பார்த்தவள், சந்தேகமே வராத இடத்தில் எதை இழுத்துப் பார்ப்பாள்?

கோட்டோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதன் மேல் ஒரு அத்தியாயத்தையே கட்டிவிட்டாள். அண்ணனுக்குப் பின் தம்பி என்ற வாரிசு முறைதான் ஜெர்மியானைப் பலவீனமாக்கியது என்று முப்பத்தெட்டுப் பக்கம். வெளித்தேர்வாளர் பேராசிரியர் அப்ரார் அனுப்பிய அறிக்கையில், ஆய்வேட்டிலேயே சிறந்த பகுதி நான்காம் அத்தியாயம்தான் என்று எழுதியிருந்தார். அந்த வரியை அவள் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வியாழக்கிழமைத் தேர்வுக்குப் படங்கள் தேடிக்கொண்டிருந்தாள். கூத்தாஹ்யாவில் இரண்டாம் யாகூப் வெட்டிவைத்த கல்வெட்டைப் பற்றி ஒரு புதுக் கட்டுரை இணையத்தில் கிடைத்தது. அதில் அரசர் தன் வம்சத்தைத் தானே சொல்லியிருந்தார். யாகூப், சுலைமான் ஷாவின் மகன், அவர் மெஹ்மத்தின் மகன், அவர் யாகூபின் மகன்.

தாமரைச்செல்வி விரல் விட்டு எண்ணினாள். நான்கு தலைமுறை. அவளுடைய படத்தில் மூன்று. மறுபடி எண்ணினாள். மெஹ்மத் சுலைமானுக்கு அண்ணன் இல்லை, அப்பா. இரண்டாம் யாகூப் பேரன் இல்லை, கொள்ளுப்பேரன். முப்பத்தெட்டுப் பக்கமும் அடியோடு சாய்ந்தன.

"என்னடி, சோறு ஆறிப்போவுது" என்று உள்ளேயிருந்து குஞ்சம்மா குரல் கொடுத்தாள்.

"பசிக்கலம்மா."

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினான்கு வருடமாகக் காரைக்காலில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். வருடா வருடம் ஜூன் மாதம் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. இப்போது நிரந்தர வேலைக்கு விளம்பரம் வந்திருந்தது. சரித்திரத்துக்கு ஒரே இடம். முனைவர் பட்டச் சான்று இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கையில் இருக்கவேண்டும். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கவேண்டும். அடுத்த விளம்பரம் வரும்போது அவள் வயது தாண்டியிருப்பாள். வியாழக்கிழமை தேர்வில் சிக்கல் இல்லாமல் முடிந்தால் வேலைக்கு மனுப் போடலாம். சிக்கல் வந்தால் போட முடியாது. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

செவ்வாய்க்கிழமை சுவாமிநாதனைப் போய்ப் பார்த்தாள். அவர் கெட்டவர் அல்ல. கல்வெட்டுக் கட்டுரையைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார். முகம் தொங்கிப்போயிற்று. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தாமரை, இங்க பாருங்கம்மா. இந்த ஜெர்மியானப் பத்தித் தெரிஞ்சவங்க இந்த தேசத்துலயே நாலு பேரு இருந்தா அதிகம். அதுல ஒருத்தர் பரீட்சைக்கு வர்றாரு, அவரே பாராட்டி எழுதிட்டாரு. நீங்களா ஏன் வாயத் தொறக்கணும்?"

"தப்புன்னு தெரிஞ்சுபோச்சே சார்."

"பட்டம் வந்தப்பறம் ஒரு கட்டுரை எழுதித் திருத்திக்குங்க. எல்லாரும் செய்யுறதுதான். முப்பதாம் தேதிய மட்டும் மனசுல வச்சிக்குங்க."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபித்துக்கொண்டு வெளியே வரக்கூட வழியில்லாமல் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த இரண்டு நாளும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். வகுப்பில் சோழர் பாடத்தை நடத்தும்போது முதலாம் பராந்தகன் யாருக்கு மகன் என்று ஒரு பெண் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. பதில் நன்றாகத் தெரியும். ஆனாலும் "நாளைக்குப் பாத்துச் சொல்றேன்" என்றாள். கேட்ட பெண் குழம்பிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் திரையில் காட்டவேண்டிய படங்களை மூன்று விதமாகத் தயார் செய்தாள். ஒன்றில் பழைய வம்சாவளி, தவறான கோட்டோடு. இன்னொன்றில் வம்சாவளியே கிடையாது. மூன்றாவதில் திருத்திய வம்சாவளி, நான்கு பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக. மூன்றையும் பென் டிரைவில் ஏற்றினாள். இன்னொரு பென் டிரைவிலும் ஏற்றினாள். எதைக் காட்டப்போகிறாள் என்பது மட்டும் அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை குஞ்சம்மா தானும் வருவேன் என்று நின்றாள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று செம்பியன் சொல்லி வைத்திருந்தான். தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை வைக்கிறவர்களுக்குக் கொடுக்க ஒரு எவர்சில்வர் தூக்கில் கேசரியும் கிளறி எடுத்துக்கொண்டாள். "வாத்தியாரா ஆவப்போற, வெறுங்கையோட வரவா?" என்றாள். பதினான்கு வருடமாக வாத்தியாராகத்தான் இருக்கிறேன் என்று மகள் சொல்லவில்லை. நிரந்தரமாகாத வேலை குஞ்சம்மாவுக்கு வேலையே இல்லை. இன்றைக்குப் பெரிய வாத்தியாராகிவிடுவாள் என்று தெருவெல்லாம் சொல்லியாயிற்று.

கருத்தரங்கக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். குஞ்சம்மா கடைசி வரிசையில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்ரார் வேலூர்ப் பக்கத்துக்காரர், அறுபது வயது, பாரசீகம் படித்தவர், சிரிக்காத முகம். அவர் முன்னால் ஆய்வேடு மஞ்சள் சீட்டுகள் ஒட்டிக் கிடந்தது. அந்தச் சீட்டுகளைப் பார்த்ததும் தாமரைச்செல்வி அவற்றை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

கடைசி நிமிடத்தில் அவள் திறந்தது வம்சாவளியே இல்லாத இரண்டாவதை. பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பயந்தவர்களுக்கு வாய்த்த நடுவழி. நான்காம் அத்தியாயத்தை இரண்டே வரியில் தாண்டினாள். முன்வரிசையில் சுவாமிநாதன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. முடித்து வணக்கம் சொன்னபோது கை தட்டினார்கள். குஞ்சம்மாதான் பலமாகத் தட்டினாள்.

அப்ரார் தட்டவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் பதில் சொன்னாள். அப்புறம் மஞ்சள் சீட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டே தமிழுக்கு மாறினார்.

"ஏம்மா, அந்த வம்சாவளிப் படத்த ஏன் காட்டல? நூத்தி நாப்பத்தி ஒண்ணாம் பக்கம். ரொம்ப அழகா போட்டிருந்தீங்க. எல்லாரும் பாக்கட்டும், போடுங்க."

பென் டிரைவில் இருந்த மற்ற இரண்டு கோப்புகளும் திரையில் எல்லோருக்கும் தெரிந்தன. பழையது மேலே, திருத்தியது கீழே. மேலே இருப்பதை அழுத்தினால் அவர் தலையாட்டுவார், கையெழுத்துப் போடுவார், முப்பதாம் தேதிக்கு முன்னால் சான்று வந்துவிடும். சுவாமிநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தைரியத்தில்தான் அவள் கீழே இருப்பதை அழுத்தினாள் என்று சொன்னால் அது புளுகு. தப்பான கதவைப் பூட்டிவிட்டு இனி ஆயுசு பூராவும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே என்ற பயம், மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைவிடப் பெரிதாக வந்தது. அவ்வளவுதான்.

நான்கு பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் நின்றன. அப்ரார் திரையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது வேற மாதிரி இருக்கே."

"ஆமா சார். புத்தகத்துல இருக்கறது தப்பு. ஞாயித்துக்கிழமதான் தெரிஞ்சுது. அந்த அத்தியாயமே நிக்காது சார்."

"இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னு எந்த ஆதாரத்துல போட்டீங்க?" என்று கேட்டார் அப்ரார்.

"ஆதாரம் இல்ல சார். எங்க வீட்டுல தாத்தா பேரப் பேரனுக்குத்தான் வைப்பாங்க. அதனால பேரன்னே நெனச்சிட்டேன்."

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அவளிடம் படித்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது, துடைக்கவும் வெட்கமாக இருந்தது. அப்ரார் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மஞ்சள் சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

"நான் அத ரெண்டு தடவ படிச்சேன். எனக்கும் தோணல. எங்க தாத்தா பேரும் அப்ரார்தான்" என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "ஆனா இப்படியே கையெழுத்துப் போட முடியாதும்மா. உங்களுக்கே தெரியும்" என்றார்.

அவளுக்குத் தெரியும். நான்காம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சுவாமிநாதன் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, திட்டவும் முடியாமல், பாராட்டவும் முடியாமல், "சாப்ட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

வராந்தாவில் குஞ்சம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். கூட்டம் சிரித்ததும் மகள் கண்கலங்கியதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. விஷயம்தான் விளங்கவில்லை.

"என்னடி ஆச்சு? பாஸா இல்லியா?"

"இல்லம்மா. ஆறு மாசம் கழிச்சித் திரும்பக் குடுக்கணும்."

"அப்ப அந்த வேலை?"

"அது போச்சும்மா."

குஞ்சம்மாவின் முகம் சுருங்கியது. தூக்கை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். தெருவில் என்ன சொல்வது என்று அவள் யோசிப்பது தாமரைச்செல்விக்குத் தெரிந்தது. "அப்புடி என்னடி பெரிய தப்பு? நாலு வார்த்த மாறிப்போச்சா? அந்த மனுசன் அதத் தெரியாமத்தானே இருந்தாரு, நீ ஏன் போயி சொன்ன?"

இதே கேள்விதான், ஆள்தான் வேறு. தாமரைச்செல்வி சுவரில் சாய்ந்தாள். தேதி, கல்வெட்டு, வாரிசு முறை என்று அம்மாவிடம் எதைச் சொல்வது? நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"ஒரு ராசாம்மா. பொண்ணுக்கு ஊரையே சீரா குடுத்தாரே, அவருதான். அவரோட அப்பாவ அவருக்கு அண்ணன்னு எழுதிட்டேன்."

குஞ்சம்மா புருவத்தைச் சுருக்கினாள். உதடு அசைந்தது. யார் யாருக்கு என்ன முறை என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள். ஊரில் இருநூறு வீட்டு உறவையும் நாக்கு நுனியில் வைத்திருப்பவளுக்கு இது எம்மாத்திரம்?

"இரு. அப்ப அவரு பொண்டாட்டியோட மாமனாரு..."

"மூத்தாராயிட்டாரும்மா."

"அடிப் பாவி!" குஞ்சம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மாமனாரக் கொண்டுபோயி புருஷனுக்கு அண்ணனா ஆக்கிட்டியா? படிச்சவ செய்யுற வேலையாடி இது? அந்தப் பொம்பள கேட்டா நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவா!"

"அவங்க செத்து அறுநூறு வருஷம் ஆச்சும்மா."

"ஆவட்டுமே! செத்தா முறை மாறிடுமா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. பிறகு கிட்டே வந்து, ரகசியம் போலக் கேட்டாள். "எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டல்ல? மாத்திட்டல்ல?"

"சொல்லிட்டேன். மாத்தித்தான் காட்டினேன்."

"பின்ன? சொல்லாம வந்துருவியா?" என்றாள் குஞ்சம்மா, சற்று முன் தான் கேட்ட கேள்வியை முழுக்க மறந்துவிட்டு. ஆனாலும் வேலை போன துக்கம் போகவில்லை. மகளின் தலையைத் தொட்டாள், அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. கேசரியை அப்ராரிடம் கொடுக்காமல் போகக்கூடாது என்று பிடிவாதமாக உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

கோட்டுச்சேரி பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்து இடம் கிடைத்தது. திடீரென்று குஞ்சம்மா, "காலையில பூட்ட இழுத்துப் பாத்தியாடி?" என்றாள். தாமரைச்செல்விக்கு நினைவில்லை. செம்பியனுக்குப் போன் போட்டாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று சிரித்தான். தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்டான். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். அடுத்த ஜூனில் கல்லூரியிலிருந்து கூப்பிடுவார்களா என்ற கவலை அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சரியா எப்புடிப் போட்டேன்னு எனக்கு ஒரு தடவ காட்டு" என்றாள் குஞ்சம்மா.

தேர்வு அறிவிப்புத் தாளைத் திருப்பி, பஸ் ஆட்டத்தில் கோணல்மாணலாக நான்கு பெயர்களையும் எழுதி, நடுவில் ஒரே கோடாக இழுத்தாள் தாமரைச்செல்வி. குஞ்சம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டாவது பெயரின் மேல் விரலை வைக்கப் போனவள், வைக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"இவுகதான் அந்த மாமனாரா?"

"ஆமாம்மா. மெஹ்மத்."

குஞ்சம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.